கிணற்றில் குதித்த காது

தமிழில் அறை விழும் இடத்துக்கே ‘செவிடு’ என்று பெயர். “செவிட்டுல ஒண்ணு விட்டேன்னா...” என்று கை ஓங்கும்போது அந்தச் சொல் கன்னத்துக்கும் காதுக்கும் நடுவிலுள்ள இடத்தைக் குறிக்கிறது, காது கேளாமைக்கும் அதே சொல்தான். முதலாவதில் ஓங்கி விழுந்தால் இரண்டாவது வரும் என்பதை ஊர் எப்போதோ கண்டுகொண்டது போலும்.

எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்கு அப்படி ஒன்று விழுந்தது, வீட்டுப்பாடம் எழுதாததற்கு. மறுநாள் மூக்கைச் சிந்தியபோது இடது காதிலிருந்து ‘ஸ்ஸ்’ என்று காற்று வந்ததாகச் சொன்னான். நாங்கள் நம்பவில்லை. மூக்கைப் பொத்தி, வாயை மூடிக்கொண்டு ஊதிக் காட்டினான். வரிசையாக அவன் காதில் காது வைத்துக் கேட்டோம். சைக்கிள் டியூப் பஞ்சரில் எச்சில் தொட்டு வைத்தால் வருமே, அந்தச் சத்தம். வீட்டில் விசாரித்தபோது, கிணற்றில் குதித்ததில் தண்ணீர் அடித்துவிட்டது என்றான். வாத்தியார் அடித்தார் என்று சொன்னால் அப்பாவிடம் இன்னொன்று வாங்க வேண்டியிருக்கும். அவன் அம்மா பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காதில் விட்டார். பத்து நாளில் சீழ் வடிய ஆரம்பித்தது.

அடிபட்டுக் கிழிந்த செவிப்பறையைப் பற்றி மருத்துவர்கள் இருநூறு வருடமாக விவாதிப்பதெல்லாம் இந்தக் கதைக்குள் இருக்கிறது. ஓட்டை எப்படி விழுந்தது? தானாக மூடுமா? மூடவிடாமல் தடுப்பது எது? என் அபிப்பிராயத்தில் முதல் கேள்விதான் தலையாயது. அதற்கு நேர்மையான பதில் கிடைத்தால் மற்ற இரண்டும் பாதி முடிந்த மாதிரி. ஆனால் நோயாளி அதிகமாகப் பொய் சொல்வதும் அந்தக் கேள்விக்குத்தான்.

காதுத்துளையில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே, சட்டைப் பொத்தான் அளவில், 9 முதல் 10 மில்லிமீட்டர் குறுக்களவில் இருக்கிறது செவிப்பறை. பேச்சு வழக்கில் ‘காது ஜவ்வு’. தடிமன் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனம். அதற்குள் மூன்று அடுக்கு: வெளியே தோல், உள்ளே சளிப்படலம், நடுவில் சக்கரத்தின் ஆரக்கால் போலவும் வளையம் போலவும் ஓடும் நார்கள். பறைக்கு விறைப்பைத் தருவது இந்த நார் அடுக்குத்தான். சவ்வில் ஒட்டியிருக்கும் சுத்தி எலும்பு, பட்டடை எலும்பு, அங்கவடி எலும்பு வழியாக அதிர்வு உட்காதுக்குப் போகிறது. அங்கவடியின் அடித்தட்டைவிடச் சவ்வின் அதிரும் பரப்பு ஏறத்தாழ 17 மடங்கு பெரியது. எலும்புகளின் நெம்புகோல் வேலையையும் சேர்த்தால் அழுத்தம் 22 மடங்கு பெருகுகிறது. சவ்வில் ஓட்டை விழுந்தால் இந்தப் பெருக்கத்தில் ஒரு பகுதி போய்விடும். அவ்வளவுதான், காது முழுச் செவிடாகிவிடாது.

இதை முதலில் ஊர் அறியச் சொன்னவர் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர். 1800-இல் ராயல் சொசைட்டிக்கு அவர் எழுதியதில் ஒரு மருத்துவ மாணவன் வருகிறான். சின்ன வயதில் காது நோயால் ஒரு காதில் சவ்வு முழுதாகவும் மறு காதில் ஓரளவும் போய்விட்டது. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு ஊதினால் காது வழியே காற்று சீறி வரும், காதோரம் தொங்கும் முடி அசையும். அப்படிப்பட்டவன் சாதாரணப் பேச்சைக் கேட்டுப் பதில் சொன்னான். என் வகுப்புத் தோழனுக்கு இருநூறு வருடம் மூத்த அண்ணன். இன்றைய அளவீட்டில், சிறு ஓட்டையானால் 10 முதல் 30 டெசிபல் வரை கேட்பு குறையும். 50 டெசிபலைத் தாண்டினால் சவ்வோடு நிற்கவில்லை, எலும்புச் சங்கிலியும் விலகியிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

அறையை எடுத்துக்கொள்வோம். விரித்த உள்ளங்கை காதின் மேல் முழுசாகப் படியும்போது காதுத்துளையின் வாய் ஒரு கணம் அடைபடுகிறது. உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக்குப் போக வழியில்லை. சவ்வைக் கிழித்துக்கொண்டு நடுக்காதுக்குள் போகிறது. அதனால் கையின் பலத்தைவிட அது விழுந்த விதம் முக்கியம். குத்துவிட்டால் தாடை போகலாம், செவிப்பறை தப்பிவிடலாம். கால்பந்து காதில் மோதினாலும், தண்ணீர்ப் பரப்பில் காது தட்டையாக விழுந்தாலும், விளையாட்டாகக் காதின் மேல் அழுத்தி முத்தமிட்டு உறிஞ்சினாலும்கூட அதே இயற்பியல்தான், கடைசியில் சொன்னதில் காற்று வெளியே இழுக்கப்படுகிறது என்பதைத் தவிர. எதிரே நின்று அடிப்பவர்களில் பெரும்பாலோர் வலக்கைக்காரர்கள். ஆகவே அறையால் கிழிவது பெரும்பாலும் இடது காது. பல ஊர்க் கணக்கெடுப்புகளில் இந்த இடப்பக்கச் சாய்வு தென்படுகிறது. “படியில் விழுந்துட்டேன்” என்று சொல்லி இடது காதில் கோணல்மாணலான புதுக் கிழிசலோடு ஒரு பெண் வந்தால், அனுபவமுள்ள மருத்துவர் கூட வந்திருக்கும் கணவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இன்னொரு முறை கேட்பார்.

அடுத்தது குடைவது. ஊக்கு, கொண்டை ஊசி, தீக்குச்சி, பைக் சாவி, ரீபிள், இப்போது பட்ஸ். காதுக் குறும்பியை உடம்பே வெளியே தள்ளிவிடும் என்பதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதில்லை. குடைகிற சுகம் அப்படி. அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை பட்ஸால் காதில் காயம்பட்டு அவசரப் பிரிவுக்கு வந்த குழந்தைகள் சுமார் 2,63,000 பேர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 34. முக்கால்வாசிப் பேர் காதைச் சுத்தம் செய்யும்போது பட்ட காயம். கால்வாசிப் பேருக்குச் சவ்வில் ஓட்டை. பெரும்பாலும் நடப்பது இதுதான்: பட்ஸ் காதில் இருக்கும்போது குழந்தை ஓடி வந்து முழங்கையில் இடிக்கும், அல்லது கதவு திறக்கும். காற்றால் கிழிவதைவிடக் குச்சியால் குத்துப்படுவதை மருத்துவர்கள் அதிகம் அஞ்சுவார்கள். சவ்வின் மேல்-பின் கால்பகுதியில் குத்தினால் அதற்கு நேர் பின்னே பட்டடையும் அங்கவடியும் இருக்கின்றன. அங்கவடி உள்ளே அமுங்கினால் உட்காதுத் திரவம் கசியும். தலை சுற்றும், வாந்தி வரும், கேட்புநரம்பு அடிபடும். அப்படியானால் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

தண்ணீரின் கணக்கு வேறு. ஆழத்தில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. நடுக்காதிலிருந்து தொண்டைக்குப் போகும் ஊஸ்டேகியன் குழாய் திறந்து இரு பக்கத்தையும் சமன் செய்யாவிட்டால் சவ்வு உள்ளே அமுங்கும். நூறு அடி ஆழத்தில்தான் காது போகும் என்று எண்ணுகிறோம். உண்மையில் ஆபத்து மேல்மட்டத்திலேயே இருக்கிறது. ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலேயே அழுத்த வேறுபாடு 90 மில்லிமீட்டர் பாதரசத்தை எட்டி அந்தக் குழாயைப் பூட்டிவிடும். அப்புறம் எவ்வளவு ஊதினாலும் திறக்காது. ஒன்றரை மீட்டருக்கும் ஐந்து மீட்டருக்கும் இடையில் சவ்வு கிழியலாம். தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிக்கப் போகிறவர்களின் கணக்கில் சொன்னால் முதல் இரண்டு மூன்று பாகத்துக்குள்ளேயே. கிழிந்ததும் வலி சட்டென்று குறையும். அதைவிட மோசமான ஒன்று தொடங்கும். குளிர்ந்த நீர் நடுக்காதுக்குள் புகுந்து உட்காதின் சமநிலை உறுப்பைத் தொட்டதும் உலகம் சுழலும், மேல் எது கீழ் எது என்று தெரியாது. தண்ணீருக்கடியில் அந்த ஓரிரு நிமிடம்தான் ஆளைக் கொல்வது. ஆறாத ஓட்டையோடு கடலுக்குள் இறங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். வேடிக்கை என்னவென்றால், ஓட்டைக் காதோடு விமானத்தில் போனால் காது வலிக்காது; அழுத்தம் அந்த வழியாகவே சமனாகிவிடும்.

வெடிகுண்டு இந்த விவாதத்தில் தனி அத்தியாயம். 35 கிலோபாஸ்கல் திடீர் அழுத்தத்தில் சில காதுகள் கிழியலாம், 100 கிலோபாஸ்கலில் ஏறத்தாழப் பாதிக் காதுகள் கிழியும் என்பது நூல்களில் வழக்கமாகத் தரப்படும் கணக்கு. நுரையீரலும் குடலும் சிதைய இதைவிட அதிக அழுத்தம் வேண்டும். அதனால் வெகுகாலம் ஒரு விதி நடைமுறையில் இருந்தது: செவிப்பறை முழுசாக இருந்தால் உள்ளுறுப்புக் காயம் இல்லை, ஆளை அனுப்பலாம். இஸ்ரேலியக் குண்டுவெடிப்புகளில் தப்பிய 647 பேரை ஆராய்ந்து 1999-இல் வெளிவந்த கட்டுரை அந்த விதியைக் கவிழ்த்தது. காது மட்டும் கிழிந்திருந்த 142 பேரில் ஒருவருக்கும் பின்னால் நுரையீரல் காயம் தலைகாட்டவில்லை. மாறாக, நுரையீரல் காயம்பட்ட 18 பேரின் செவிப்பறைகள் சேதமின்றி இருந்தன. சவ்வு எந்தத் திசைக்குத் திரும்பியிருந்தது, காதில் குறும்பி இருந்ததா, வெடித்த இடம் மூடியதா திறந்ததா என்று எத்தனையோ விஷயங்கள் குறுக்கே வருகின்றன. 2005 ஜூலையில் லண்டனில் வெடித்த குண்டுகளுக்குப் பின் நடந்த ஆய்விலும் செவிப்பறையை மட்டும் பார்த்து உள்காயத்தைக் கணிக்க முடியாது என்று தெரிந்தது. காதைப் பார்த்து மார்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

நெருப்பைப் பற்றிச் சுருக்கமாக. லாரிக்கு அடியில் ஒருக்களித்துப் படுத்து வெல்டிங் வைப்பவரின் காதில் பொறி விழுந்தால் துளை சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் விளிம்பு சுட்டுப்போய், ரத்தக் குழாய்கள் கருகிவிடுகின்றன. இது தானாக ஆறுவது அரிது, சீழ் பிடிப்பது சாதாரணம், அறுவை செய்தாலும் மற்றவற்றின் அளவு பலிப்பதில்லை. பட்டறையில் கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கிறார்கள். காதுக்கு ஒரு ரப்பர் அடைப்பான் கொடுக்க ஏனோ யாருக்கும் தோன்றுவதில்லை.

சரி, எது ஆறும், எது ஆறாது? 1992-இல் டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு மீள்பார்வை, நூறாண்டு கால மருத்துவ எழுத்துகளைத் தொகுத்து, அடிபட்ட ஓட்டைகளில் ஏறக்குறைய 79 சதவீதம் தானாகவே மூடியதாகச் சொன்னது. வழக்கமான அறை, பந்து, தண்ணீர்க் காயங்களை மட்டும் எடுத்தால் பத்துக்கு எட்டு ஒன்பது என்று வைத்துக்கொள்ளலாம். சிறியவை மூன்று நான்கு வாரத்தில், பெரியவை இரண்டு மூன்று மாதத்தில். 2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் வெடித்த குண்டுகளில் கிழிந்த காதுகளோ 38 சதவீதம்தான் தாமாக மூடின. அறையின் கிழிசல் கோடு போல இருக்கும், துண்டு காணாமல் போகாது. வெடி ஒரு பகுதியையே பிய்த்து எறிந்துவிடுகிறது, தூசியையும் உள்ளே அடைக்கிறது. எப்படி விழுந்தது என்ற கேள்விக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பது இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் தெரிகிறது.

ஆறும் விதம் அழகானது. செவிப்பறையின் தோல் நகரும் தோல். நடுவில் ஒரு மைப்புள்ளி வைத்தால் அது நாளொன்றுக்கு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ ஓரத்தை நோக்கி ஊர்ந்து, பிறகு காதுத்துளையின் சுவர் வழியாக வெளியே வரும். குறும்பி தானாக வெளியேறுவதும் இந்த நகர்வில்தான். உடம்பில் மற்ற இடத்துப் புண்ணில் அடியில் சதை வளர்ந்து, அதன் மேல் தோல் மூடும். காற்றில் தொங்கும் சவ்வுக்கு அடித்தளம் கிடையாது. இங்கே தோல் முன்னே போய்ப் பாலம் போட, மற்றவை பின்தொடர்கின்றன. நடு அடுக்கின் நார்கள் பல சமயம் வந்து சேர்வதே இல்லை. ஆறிய இடம் இரண்டு அடுக்கில், வெங்காயச் சருகு போல மெல்லிதாகத் தங்கிவிடும். வெளித்தோல் முன்னேறாமல் விளிம்பிலேயே மடங்கி உள்படலத்தோடு சேர்ந்துகொண்டால், உடம்பு அந்தத் துளைக்குக் கரை கட்டி முடித்துவிட்டது என்று பொருள். அதுவே நாள்பட்ட ஓட்டை.

இதைப் புரிந்துகொண்டால், முதல் சிகிச்சை ஏன் ‘எதுவும் செய்யாதே’ என்பது விளங்கும். காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது. தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சை வாயிலில் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கை ஓங்கிச் சிந்தக் கூடாது, தும்மலை அடக்கக் கூடாது. எண்ணெய், தாய்ப்பால், வெங்காயச் சாறு எதையும் விடக் கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் எண்ணெய் விட்ட காதில் பூஞ்சை வளர ஒரு வாரம் போதும். காதைப் பீச்சிக் கழுவவும் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து இன்னொரு கண்ணி. குறும்பியைக் கரைக்கும் சொட்டுகளும், ஜென்டாமைசின், நியோமைசின் வகை மருந்துகளும் ஓட்டை வழியே போனால் உட்காதைக் கெடுக்கக்கூடியவை. சீழ் இருந்து மருந்து தேவைப்பட்டால் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின் வகைதான் பாதுகாப்பானது. சீழே இல்லாதவருக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதுவது நோயாளியைத் திருப்திப்படுத்தும் காரியம், வேறொன்றுமில்லை.

சும்மா இருப்பதற்கும் விதிவிலக்கு உண்டு. தலைசுற்றல் நிற்காவிட்டால், முகம் ஒரு பக்கம் கோணினால், பைக்கிலிருந்து விழுந்தவரின் காதிலிருந்து தெளிந்த நீர் சொட்டினால், கேட்பு சுத்தமாகப் போயிருந்தால், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். தெளிந்த நீர் மூளைத் தண்டுவடத் திரவமாக இருக்கலாம். அந்தக் காதில் பஞ்சை அடைப்பதுகூடத் தப்பு.

‘உலரவிடு’ என்ற பழைய போதனையும் கேள்விக்கு அப்பாற்பட்டதாக இல்லை. சீனாவில் யீவூ நகர மருத்துவமனையில் தொடர்ந்து செய்த ஆய்வுகளில், பெரிய ஓட்டைகளின் விளிம்பை ஆஃப்ளாக்சசின் சொட்டால் ஈரமாக வைத்தபோது உலரவிட்டதைவிட விரைவில் மூடின. உள்ளே மடங்கிய விளிம்பை நிமிர்த்தி வைப்பதால் பெரிய லாபமில்லை என்பதும் அவர்கள் சொன்னது. மருத்துவர் தரும் அளவான சுத்தமான ஈரம் வேறு, குளியலறைத் தண்ணீர் வேறு. இதைப் படித்துவிட்டு யாரும் ஷவரில் நிற்க வேண்டாம்.

ஆறாத ஓட்டையை அடைக்க மனிதர்கள் பட்ட பாடு பெரிது. 1640-இல் ஜெர்மானியரான மார்கஸ் பான்சர் பன்றியின் சிறுநீர்ப்பையை ஒரு குழாய்முனையில் கட்டிக் காதில் வைத்துப் பார்த்தார். 1853-இல் ஜோசப் டாய்ன்பீ வெள்ளிக் கம்பியில் ரப்பர் வட்டு கோத்தார். அமெரிக்காவில் 1876-இல் ரூசா சில்வர் நைட்ரேட்டால் விளிம்பைச் சுட்டார். கட்டிய கரையை உடைத்து மறுபடி புண்ணாக்கினால் தோல் நகரத் தொடங்கும் என்ற யுக்தி, இன்றும் நடைமுறையில் உள்ளது. 1887-இல் பாஸ்டனின் கிளாரன்ஸ் பிளேக் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டினார். சிகரெட் சுற்றும் தாள் போன்ற மெல்லிய தாளை ஓட்டையின் மேல் ஒட்டுவது இன்றும் உண்டு. ஒட்டிய உடனே இரைச்சல் அடங்கி, கேட்பு தெளியும். 1950-களில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் ஸோல்னரும் நுண்ணோக்கியின் கீழ் செவிப்பறை அறுவையை முறைப்படுத்தினார்கள். அப்போது ஒட்டியது தோல். அது உரிந்தும் புண்ணாகியும் தொல்லை தந்ததால், காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் வெள்ளை உறைக்கு மாறினார்கள். இன்றும் நம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் அன்றாடம் நடப்பது அதுதான், அல்லது காதின் முன்மடலிலிருந்து எடுத்த குருத்தெலும்பு. பத்தில் ஒன்பது பலிக்கும். அடிபட்டு மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இதற்குப் போவார்கள்.

கத்தியே வேண்டாம் என்கிறது ஜப்பான். அங்கே கானெமாரு குழுவினர் விளிம்பைப் புண்ணாக்கி, வளர்ச்சிக் காரணி மருந்தில் ஊறிய ஜெலட்டின் பஞ்சை வைத்து, 53 பேரில் 52 பேருக்கு நாள்பட்ட ஓட்டை மூடியதாக 2011-இல் எழுதினார்கள். 2019-இல் அந்நாட்டு அரசு மருந்தை அங்கீகரித்தது. பிறகு பாஸ்டனில் மருந்தையும் வெறும் பஞ்சையும் ஒப்பிட்டபோது குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மருந்தா, பஞ்சா, விளிம்பைப் புண்ணாக்கியதா, எது ஆற்றியது என்பது இன்னும் வழக்காகவே இருக்கிறது.

வழக்கு என்றதும் நீதிமன்றமும் நினைவுக்கு வருகிறது. அடிதடியில் காது கிழிந்து அரசு மருத்துவமனைக்குப் போனால் ‘ஏ.ஆர்.’ போடுவார்கள், விபத்துப் பதிவேடு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவில், ஒரு காதின் கேட்பை நிரந்தரமாக இழக்கச் செய்வது கொடுங்காயம். ‘நிரந்தரமாக’ என்ற சொல்லில்தான் வக்கீல்கள் குடியிருக்கிறார்கள். அடிபட்ட மறுநாள் எடுத்த ஆடியோகிராம் அதற்குச் சான்றாகாது, மூன்று மாதம் கழித்து இன்னொன்று வேண்டும். புதுக் கிழிசலின் விளிம்பு ஒழுங்கற்று, ரத்தம் உறைந்து, சுற்றியுள்ள சவ்வு பளபளப்பாக இருக்கும். பழைய சீழ்க்காதின் ஓட்டை விளிம்பு வழவழப்பாக, சுற்றிலும் வெள்ளைத் திட்டுகளோடு இருக்கும். பழைய ஓட்டையோடு வந்து பக்கத்து வீட்டுக்காரர் மேல் கேஸ் கொடுப்பவரும் உண்டு. ஆனால் இந்த வேறுபாட்டுக்கு ஆயுள் சில நாள்தான். ரத்தம் காய்ந்து உதிர்ந்த பிறகு எந்த நிபுணராலும் அடித்துச் சொல்ல முடியாது.

என் தோழனுக்கு நாற்பத்து மூன்றாவது வயதில் அறுவை நடந்தது. சவ்வு ஒட்டிக்கொண்டது. பஞ்சை எடுத்த அன்று மின்விசிறி இவ்வளவு சத்தம் போடுமா என்று கேட்டானாம். அட்மிஷன் போடும்போது பயிற்சி மருத்துவர் ஓட்டை எப்படி வந்தது என்று விசாரித்திருக்கிறார். பக்கத்தில் அவன் மனைவியும், எண்பது வயது அம்மாவும் நின்றிருந்தார்கள்.

“கிணத்துல குதிச்சேன் சார்,” என்றிருக்கிறான். கேஸ் ஷீட்டில் அப்படியே ஏறியிருக்கிறது.